சீமெந்து முற்றமும் செயற்கைப் புல்லும்

புதுக்கடை என்றதும் பிறர் நினைவுக்கு வருவன நீதிமன்றங்களும் கறுப்பு அங்கிகளுமே. அந்நீதிமன்றங்களைச் சூழ்ந்த முடுக்குகளில் வாழும் பிள்ளைகள் எங்கே விளையாடுகின்றனர் என்று எவரும் வழக்குத் தொடுத்ததில்லை. நாம் கற்பிக்கும் பாடசாலையின் முற்றம் சீமெந்தாலானது. விழுந்த பிள்ளையின் முழங்கால் தோலை வாங்காமல் அது விடுவதில்லை. சென்ற தவணையில் அம்முற்றத்திற் செயற்கைப் புல் விரித்துத் தருவதாகப் பழைய மாணவர் சிலர் முன்வந்தனர். ஆசிரியர் கூட்டம் இரு கட்சியாகப் பிரிந்தது. எக்கட்சியிற் சேர்வதென்று அறியாது அன்று நாம் வாய்மூடி இருந்தோம்.

இப்புல்லின் பிறப்பு வரலாறு அறியத்தக்கது. நகரத்துப் பிள்ளைகள் ஓடியாட இடமின்றி உடல்வலுக் குன்றுகின்றனர் என்று அமெரிக்காவில் எழுந்த கவலையே இதன் வித்து. போர்ட் அறக்கட்டளையின் பணமும் அம்முயற்சிக்கு உதவிற்று. மொன்சாண்டோ நிறுவனம் செய்த புல், 1964 இல் ஒரு பாடசாலையில் விரிக்கப்பட்டது. எப்பாடசாலையில்? சேரிப் பிள்ளைகளின் பாடசாலையில் அன்று. புரொவிடன்ஸ் நகரிற் கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் மோசஸ் பிரவுன் பாடசாலையில். 1966 இல், ஹூஸ்டன் நகரின் கூரையிட்ட பேரரங்கில் வெயிலின்றிப் பட்டுப்போன புல்லின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. இடமற்ற பிள்ளையின் பேராற் பிறந்த பொருள் நுழைவுச்சீட்டு வியாபாரத்துக்குப் போய்ச்சேர ஈராண்டே போதுமாயிற்று!

எதிர்க்கட்சியார் கூறுவனவும் பொய்யல்ல. வெயிலில் இத்தரை 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும் என்று அளந்து கண்டிருக்கின்றனர். எமது பிள்ளைகளிற் பலர் வெறுங்காலுடன் ஓடுபவர்கள். பழைய ரயர்களை அரைத்து இடையிற் கொட்டும் துகள்கள் மழைநீரோடு வடிகாலுக்குப் போகும். அத்தகைய துகள்களின் விற்பனையை எட்டாண்டு அவகாசத்தின் பின் நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் விதி செய்தது. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும், "இயற்கைப் புல்லே சிறந்தது" என்று அவர்கள் முடிக்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது. எங்கே இருக்கிறது அப்புல்? தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859 இல் நிறைவேற்றிய காலிமுகத்திடலை, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பேணுமாறு அங்குள்ள கல் பின்வந்தோரை வேண்டுகிறது. விடுமுறை நாளில் எமது பிள்ளைகளுக்கும் அதுவே திடல். அங்கும் மண் தெரிகிறது. கறுவாத்தோட்டத்து மைதானங்களில் மட்டும் புல் ஏன் பச்சையாக நிற்கிறது? தண்ணீர் ஊற்றுவோர் உளர் என்பது பாதி விடையே. அங்கே ஒரு புல்லுக்குச் சில கால்கள்; இங்கே எண்ணற்ற கால்கள். பட்டுப்போன புல் நிலப்பங்கீட்டின் அநீதிக்குச் சாட்சி. பிளாஸ்ரிக் விரிப்பு அச்சாட்சியை மறைத்துவிடும். பச்சை தெரிகிறதே, இனி என்ன குறை என்று மாநகரசபையும் கையைத் துடைத்துக்கொள்ளும்.

எனினும், பிள்ளையின் முழங்காலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்க நமக்கு உரிமை உண்டா? சமுதாயம் மாறும்வரை நீ சீமெந்தில் விழு என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வது கொள்கையன்று, கொடுமை. ஆகவே விரிப்பு வரட்டும் என்றே இப்போது எண்ணுகிறோம்.

நம்மை உறுத்துவது வேறு. இவ்விரிப்பு ஏறத்தாழப் பத்தாண்டில் தேய்ந்துவிடும். மீண்டும் விரிக்கப் பணம் வேண்டுமே என்று அன்றைய கூட்டத்திலேயே ஒருவர் கணக்குப் போட்டார்: மாலையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாமாம். கொழும்பில் இது நடக்கும் வியாபாரந்தான். ஆனால் இன்று மாலை நான்கு மணிக்கு மதிலேறிக் குதித்து அச்சீமெந்தில் கிரிக்கெட் ஆடும் முடுக்குப் பிள்ளைகள் அப்போது எங்கே போவார்கள்? அவர்களிற் சிலர் பாடசாலையை விட்டு நின்றவர்கள். அவர்களை எமது முற்றத்தோடு பிணைத்து வைத்திருப்பது அம்மதில் ஒன்றே.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடியும் கூட்டம். ரயர்த் துகள் இல்லாத விரிப்பு வேண்டும், மாலையில் வாயிற்கதவு பூட்டப்படலாகாது என்னும் இரண்டையும் எழுத்திற் கேட்கப்போகிறோம். இரண்டாவதை மறுப்பாராயின், சீமெந்தே இருக்கட்டும் என்று கையுயர்த்துவோம்.