ஓடுகிற இரை

காசிமேட்டில் ஃபைபர் படகு ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து பெரியவர் ஒருவர் தூண்டில் கட்டிக்கொண்டிருந்தார். முள்ளை மூடி, சரிகை போல் பளபளக்கும் ஒரு நூல்கொத்து. வஞ்சிரத்துக்காம். படகு ஓட ஓட இது பின்னால் இழுபட்டு வரும்; கடலுக்குள் இருந்து பார்க்கிற வஞ்சிரத்துக்குத் தப்பி ஓடும் கவலை மீன்.

“நெஜ மீனையே கோத்துடலாமே தாத்தா?”

“கோக்கலாம் நைனா. ஆனா எஞ்சினை மெதுவா வுட்டா எதைக் கோத்தும் வேலைக்காவாது. செத்ததுன்னு கண்டுக்கும்.”

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியிலும் சால்மனை இப்படித்தான் ஏய்க்கிறார்கள். அந்த மீனே அங்கே விருந்தாளிதான். ஏரியில் எக்கச்சக்கமாய்ப் பெருகிவிட்ட அலிவைஃப் என்ற பொடிமீனைத் தின்னட்டும் என்று 1966-ல் கொண்டுவந்து விட்டார்கள். வந்ததைப் பிடிக்க ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது!

தாத்தா முள்ளுக்கும் தங்கூசிக்கும் நடுவில் ஒரு சாண் இரும்புக் கம்பி வைத்தார். வெறும் தங்கூசி என்றால் வஞ்சிரத்தின் பல் கத்தரித்துவிடும். கம்பியின் நுனி மடங்க மறுத்தது. வாயில் வைத்து, மிச்சமிருந்த நாலு பல்லால் கடித்து முறுக்கினார்.