புத்தகப் பைக்குள் ஆயுதம்!

கல்வி கற்கச் செல்லும் பிள்ளையின் பையில் புத்தகம் இருக்கும், பேனா இருக்கும், தாய் கட்டிக் கொடுத்த உணவும் இருக்கும். அதே பையில் கத்தியோ துப்பாக்கியோ இருந்தால்?

1992ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள். அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புரூக்ளின் பகுதியிலுள்ள தாமஸ் ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளிக்கு நகர மேயர் டேவிட் டிங்கின்ஸ் வருகை தரவிருந்தார். அவர் வந்து சேருமுன்பே, 15 வயது மாணவன் ஒருவன் பள்ளிக்கூடத்திற்குள்ளேயே சக மாணவர் இருவரைச் சுட்டு வீழ்த்தினான். ஒருவருக்கு வயது 16, மற்றவருக்கு 17. இருவருமே இறந்தனர்.

இது ஒரு பள்ளிக்கூடத்தின் கதை மட்டுமன்று. 1991இல் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் விசாரித்தபோது, முந்தைய 30 நாட்களில் ஒரு முறையேனும் துப்பாக்கி, கத்தி, தடி போன்ற ஆயுதம் ஏந்தியதாக நூற்றுக்கு 26 பேர் ஒப்புக்கொண்டனர். பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டு வருபவனை ஓராண்டுக்கு நீக்க வழிசெய்யும் சட்டம் 1994இல் வந்தது. 2019இல் அக்கணக்கு நூற்றுக்கு 13 ஆகக் குறைந்திருந்தது. மகிழ்ச்சியே! ஆயினும் ஏழெட்டுப் பேரில் ஒருவர் என்பது சிறு தொகையா?

ஏன் ஏந்துகிறாய் என்று கேட்டால், "பாதுகாப்புக்காக" என்பதே பல பிள்ளைகளின் பதில். யாரையும் தாக்கும் எண்ணம் அவர்களுக்கில்லை. செயலுக்கு நிய்யத்தே அடிப்படை என்று படித்தவர்கள் நாம். நிய்யத் தூய்மையாயிருக்கும்போது குற்றம் எங்கே வந்தது?

இங்கேதான் நாம் நிதானித்துச் சிந்திக்க வேண்டும். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் செல்பவர், அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. அம்பு சுமந்து வந்தவர் எவரையும் குத்த வரவில்லை. அவருடைய எண்ணம் நல்லதே. ஆனால் நல்லெண்ணம் அம்பின் கூர்மையை மழுக்கிவிடாதே! சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் அண்ணலார் தடுத்தார்கள். கை தவறச் செய்ய ஷைத்தான் காத்திருக்கிறான் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள்.

மனிதனின் எண்ணம் நொடியில் மாறும். ஆயுதத்தின் வேலை மாறாது. வெறுங்கையாயிருந்தால் மூக்குடைப்போடு முடிந்து, மறுவாரம் ஸலாம் சொல்லிக்கொள்ளக்கூடிய சண்டை, ஆயுதம் இருந்தால் ஜனாஸாவில் முடிகிறது. அதுமட்டுமா? ஒருவன் அச்சத்தால் கத்தி எடுக்கிறான். அதைக் கண்டு அஞ்சி அடுத்தவனும் எடுக்கிறான். பாதுகாப்புக்கென்று வந்த பொருளே பயத்தை ஊரெங்கும் விதைக்கிறது. எனவே ஆயுதம் ஏந்துபவன் தன் எண்ணத்துக்கு மட்டுமல்ல, தன் பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கும் பொறுப்பாளியாகிறான்.

ஆனால் இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் பாதி நீதியே பேசியவர்களாவோம். பயந்த பிள்ளையிடமிருந்து கத்தியைப் பிடுங்கிவிட்டு, பயத்தை மட்டும் அவனிடமே விட்டுவிடுவது எப்படி நியாயமாகும்? "என்னைக் காக்கப் பெரியவர் எவருமில்லை" என்று முடிவு செய்த பிறகல்லவா அவன் கத்தியைத் தேடினான்! அந்தக் கத்தி அவன்மீது மட்டுமல்ல, நம்மீதும் சாட்சி சொல்கிறது.

பெற்றோர்களே! பிள்ளையின் பையைச் சோதிக்குமுன் அவன் முகத்தைக் கவனியுங்கள். யார் மிரட்டுகிறார், எந்தத் தெருவில் நடக்க அஞ்சுகிறான் என்று பரிவோடு கேளுங்கள். தேவையானால் பள்ளிக்கூடம்வரை கூடவே நடந்து செல்லுங்கள். தலைமையாசிரியரைப் பாருங்கள். மிரட்டும் பிள்ளையின் வீட்டுக்கும் சென்று, அவன் பெற்றோரிடம் பேசுங்கள். அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். நாம் இவற்றைச் செய்த பின்பே, "ஆயுதத்தை எடுக்காதே" என்று சொல்லும் தகுதி நமக்கு வரும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளையும் உள்ளங்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.