ஈமக் கலமும் கண்ணாடிப் பேழையும்

பழனி மலைச் சிற்றூரான அடுக்கத்திலிருந்து காலையில் புறப்பட்டுப் பெருமாள்மலை வழியாகச் செண்பகனூர் சேர்ந்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். அங்கே, 1895இல் இயேசு சபைத் துறவியர் நிறுவிய திரு இருதயக் கல்லூரியைச் சார்ந்த அருங்காட்சியகத்தில், பாடம் செய்த விலங்குகளையும் பட்டாம்பூச்சிகளையும் விரைந்து கடந்து, பழனி மலைக் கற்திட்டைகளிலிருந்து வந்த மட்கலங்களின் முன் நிற்கையில்தான் சித்தம் தயங்குகிறது: பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி, மாண்டவனுக்கு மறுமையிலும் பசிக்கும் என்று எண்ணிப் போலும் எவரோ வைத்துச் சென்ற கலத்தைப் பெயர்த்தெடுத்துக் காட்சிக்கு வைத்தல் ஞானமா, அபசாரமா?

இத்திட்டைகளை ஆராய்ந்து, நியூட்டன் என்பவருடன் சேர்ந்து 1928இல் தொல்லியல் துறை வெளியீடாக நூல் தந்த ஆங்லேட் பாதிரியாரோ, மரித்தோர் உயிர்த்தெழுவர் என்று போதிக்கும் சமயத்தின் குரு! அபசாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆற்றில் கரைத்த பிண்டம் எங்கே போயிற்று என்று நாம் தேடுவதில்லை, இட்ட கணத்திலேயே சிரத்தை பூரணமாகிவிடுகிறது. ஆயினும், இத்தகைய கலம் எங்கே இருப்பினும், அது படையலாக இடப்பட்டது என்பதே விளக்க அட்டையின் முதல் வரியாக இருத்தல் தகும். காலமும் மண்ணின் வகையும் அதன் பின்னர் வரட்டும்.