கருணைக்குப் படை துணையாகுமா?

பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அடிபட்டுக் கதறும்போது வாளாவிருப்பது பாவம் என்பதை எவரும் ஒப்புவர். அண்டை நாட்டில் ஒரு மக்கள் கூட்டமே கதறும்போது, அவர்களைக் காக்கப் படை அனுப்புவது தர்மமாகுமா?

'ஆகும்' என்போர் 1971-ஆம் ஆண்டைக் காட்டுவர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் பாரதத்தில் புகுந்தனர். டிசம்பர் 3-இல் மூண்ட போர் 16-இல் முடிந்தது. அகதிகளில் பெரும்பாலோர் வீடு திரும்பினர். 1994-இல் ருவாண்டாவில் சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டபோதோ, உலக நாடுகள் அங்கிருந்த ஐ.நா. படையையும் குறைத்தன. விலகி நிற்பதும் ஒரு கர்மமே. அதற்கும் பலன் உண்டு.

'ஆகாது' என்போர் இலங்கையைக் காட்டுவர். 1987 ஜூன் 4-இல் பாரத விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள்களை இறக்கின. ஜூலை 29-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, அமைதிப்படை சென்றது, மக்கள் வரவேற்றனர். அக்டோபரில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அம்மாதம் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் நம் வீரர்கள் 1,100-க்கும் மேற்பட்டோர் உயிர்நீத்தனர். காக்கச் சென்ற கரமே காயப்படுத்தியது.

இரண்டுக்கும் வேறுபாடு என்ன? 1971-இல் துன்புற்ற மக்களே போராடி உதவி வேண்டினர். நோக்கம் வரையறையுடன் இருந்தது. 1972 மார்ச்சுக்குள் படை திரும்பிவிட்டது. 1987-இல் இரு அரசுகள் கையெழுத்திட்டன. யாருக்காக ஒப்பந்தமோ அந்த மக்கள் அதில் கையெழுத்திடவில்லை. நடுவராகச் சென்றவர் போரில் ஒரு தரப்பாயினர்.

அப்படியானால் 'இனி ஒருபோதும் தலையிடலாகாது' என முடிவு கட்டலாமா? 2009-இல் முள்ளிவாய்க்காலில் பொதுமக்கள் பெருந்தொகையில் மடிந்தபோது எந்த நாடும் குறுக்கே வரவில்லை. அந்த விலகலும் நம் மனசாட்சியைச் சுடுகிறது.

பாரதப் போருக்கு முன் கண்ணன் தூது சென்றான். ஐந்து ஊர்களேனும் கேட்டான். படை என்பது கடைசி வழி. அதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும்: துன்புறுவோர் நம்மை அழைக்கின்றனரா? நம் நோக்கத்தில் சுயநலம் எவ்வளவு? எப்போது திரும்புவோம் என்பது நமக்குத் தெரியுமா?

நான்காவது வினா நம் ஒவ்வொருவருக்கும் உரியது. 1983 முதல் இலங்கையிலிருந்து வந்தவர்களிலும் அவர்தம் மக்களிலும் பல்லாயிரவர் இன்றும் தமிழக முகாம்களில் வாழ்கின்றனர். தொலைவில் உள்ளவரைக் காக்கப் படை வேண்டும் என்று வாதிடும் நாம், வாயிலில் வந்து நிற்பவருக்குக் கதவைத் திறந்திருக்கிறோமா? துப்பாக்கி ஏந்தாமலே செய்யக்கூடிய கருணை அது. அதைச் செய்தவருக்கே மற்றதைப் பேசும் தகுதி உண்டு.