எழுவாய் இல்லாத வாக்கியம்

நம் 'வறுமை' தானே நேர்கிற நிலை. ஆங்கிலத்தின் 'டிப்ரிவேஷன்' வினையிலிருந்து வந்த சொல். பறிகொடுத்தவன் இருந்தால் பறித்தவனும் இருக்க வேண்டும். இங்கிலாந்து அரசின் டிப்ரிவேஷன் பட்டியலில் அந்த எழுவாய் இல்லை.

2019இல் நாட்டை 32,844 சிறு வட்டாரங்களாக்கி, வருமானம், வேலை, வீடு என்று ஏழு வகையில் அளந்து வரிசைப்படுத்தினார்கள். எஸெக்ஸ் கடற்கரையில் ஜேவிக். 1930களில் லண்டன்வாசிகளின் விடுமுறைக்கென்று எழுந்த குடில்களில் பிற்பாடு ஜனங்கள் நிரந்தரமாகவே தங்கிவிட்ட ஊர். 2010, 2015, 2019, 2025 நான்கு பட்டியல்களிலும் ஆக நலிந்த இடம் அதன் ஒரு பகுதிதான்.

2010க்குப் பின் பத்தாண்டுகளில் உள்ளாட்சி மானியத்தை அரசு வெட்டியது. கவுன்சில் வரி இன்றும் 1991ஆம் வருஷத்து வீட்டு மதிப்பின்மேல் நிற்கிறது. ஏழை ஊரில் வரி திரளாது. மானியத்தையே நம்பியிருந்த ஊர்களுக்கு வெட்டு ஆழமாக விழுந்தது. 1980ஆம் வருஷத்துச் சட்டம் கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தோருக்கே தள்ளுபடியில் விற்க வழிசெய்தது. வாங்கியவர்களுக்கு அது நியாயமே. விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டாததில், அடுத்து வந்தவர்களுக்கு வீடில்லை.

ஆக, பறித்தவன் ஒரு தனி மனிதன் இல்லை. தேதியிட்ட தீர்மானங்கள், திருத்தாமல் விட்ட ஒரு மதிப்பீடு. அறிதல் கடமைக்கு முதல் படி என்று நம்புகிறோம். துல்லியமாக அறிந்துகொண்டே கையை விலக்கிக்கொள்ளவும் முடியும் என்பதற்கு ஜேவிக் சாட்சி.