மரணப் படுக்கையின் அருகே



ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க நம் மஹல்லாக்களில் ஆள் பஞ்சமில்லை. குளிப்பாட்டவும் கபனிடவும் கப்று தோண்டவும் அழையாமலே வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்கு முந்திய நாட்களில், அவர் படுக்கையில் கிடந்து வேதனைப்பட்டபோது அருகில் இருந்தவர் யார்?

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். மத்ரஸாவில் பட்டம் பெற்ற புதிதில், போடிநாயக்கனூரில் ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். ஏலத்தோட்டத்தில் ஆயுளெல்லாம் உழைத்த பெரியவர் ஸக்ராத்தில் கிடந்தார். நான் உரத்த குரலில் கலிமாவை ஓதி, "சொல்லுங்க அத்தா, சொல்லுங்க" என்று விடாமல் வற்புறுத்தினேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டார். அவருடைய மகள், "ஹஜ்ரத், அத்தாவுக்கு நாக்கு வறண்டு கிடக்கு" என்று சொல்லி, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் தடவினார். பெரியவர் முகம் தெளிந்தது. வெட்கத்தோடு குரலைத் தாழ்த்தினேன்.

தல்கீனின் ஒழுங்கை நான் ஓதியிருந்தேன், மறந்திருந்தேன். அவர் காதில் விழும்படி மென்மையாகச் சொல்ல வேண்டும். 'சொல்' என்று நெருக்கக் கூடாது. ஒருமுறை அவர் சொல்லிவிட்டால், வேறு பேச்சுப் பேசாத வரை மீண்டும் தூண்டக் கூடாது. வேதனையில் இருப்பவர் சலித்து மறுத்துவிடக் கூடாதே என்பதுதான் காரணம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி வேளையைப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சாய்ந்திருந்தார்கள். உள்ளே வந்த அப்துர் ரஹ்மான் (ரலி) கையிலிருந்த மிஸ்வாக்கை நோக்கினார்கள். அந்தப் பார்வையை அன்னை புரிந்து, வேண்டுமா எனக் கேட்டு, மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். புகாரி ஷரீபில் உள்ள செய்தி இது. பேச முடியாதவரின் பார்வையை அறிவதும் ஒரு கித்மத்தே.

போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பணி, சாதாரண மக்களே தொண்டர்களாகி வீடு வீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் அம்மாநில அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. தமிழகத்திலும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இத்தகைய நோயாளிகளை வீட்டிலேயே பராமரிக்கும் சேவை உண்டு. மருத்துவர் கொடுக்கும் வலி மருந்தைத் தடுத்து, "பொறுமையாக இருங்கள்" என்று உபதேசிப்பது பொறுமையல்ல, கொடுமை.

நம் வீடுகளில் விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். படுத்த படுக்கையான பெரியவர் அந்தி வரை தனியே கிடக்கிறார். ஆகவே தெருவுக்கு இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் முன்வாருங்கள். முறை வைத்து அருகில் அமருங்கள். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கச் செவிலியரிடம் கற்றுக் கொள்ளுங்கள். கடன், அமானிதம் உண்டா என்று பக்குவமாகக் கேட்டு எழுதி வையுங்கள். யாரிடம் மன்னிப்புக் கேட்க ஆசைப்படுகிறாரோ அவரை அழைத்து வாருங்கள். அல்லாஹ்வின் ரஹ்மத்தை நினைவூட்டுங்கள், பயமுறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டு மாற்று மதத்தவரையும் விட்டுவிடாதீர்கள். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் தாமே சென்று அவன் தலைமாட்டில் அமர்ந்தார்கள்.

நாளை அந்தப் படுக்கை நமக்கும் விரிக்கப்படும். அன்று நம் உதட்டை நனைக்க ஒரு கையை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.