பின்னால் வருகிறவள்

கடப்பாக்கத்தைத் தாண்டியபோது மணி பத்தேகால். திருவான்மியூரில் நாலரை மணி இருட்டில் சேர்ந்து சைக்கிளில் கிளம்பிய ஏழு பேரில் ஐந்து பேர் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டார்கள். புதுச்சேரிக்கு இன்னும் 50 கிலோமீட்டர் இருந்தது. கடற்காற்று எழுந்தது அப்போதுதான்.

அதுவரை சாலையே என்னைத் தாங்கிக்கொண்டு வந்தது போலிருந்தது. முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் மேல் வானம் வெளுத்தது. மாமல்லபுரம் வருவதற்குள் கால்கள் சூடேறித் தம்போக்கில் சுழன்றன. வயலூரை அடுத்த பாலாற்றுப் பாலத்தைக் கடக்கையில், கடலைத் தொடும் இடத்தில் ஓர் ஆறு எவ்வளவு அகலம் என்பது முதல்முறையாக உடம்புக்குப் புரிந்தது. காரில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அது தெரிந்ததில்லை. மொத்தம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அதற்குமுன் நான் ஒரே நாளில் ஓட்டிய அதிக தூரம் 60. ரோட் பைக் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு வயது 46.

பங்குனி வெயிலில் நிலம் சூடாகி, அதன் மேலிருக்கும் காற்று கிளம்பிப் போக, அந்த இடத்துக்குக் கடலின் குளிர்ந்த காற்று வருகிறது. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து படித்ததுதான். எங்கள் கரையில் அது முற்பகலில் தென்கிழக்கிலிருந்து வரும். நான் போய்க்கொண்டிருந்தது தெற்கே. மணிக்கு 24 கிலோமீட்டர் காட்டிக்கொண்டிருந்த கருவி 19 என்றது, பிறகு 16 என்றது. காற்றோடு மல்லுக்கட்டுவதில் ஒரு கொடுமை உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு, அதைத் தள்ள வேண்டிய சக்தி எட்டு மடங்கு. எதிர்க்காற்றில் மிதிக்கிறவர் மெதுவாகப் போனாலும் அந்தக் கணக்கு விடாது. போதாக்குறைக்கு, பசிக்கும்வரை தின்னாமல் இருந்துவிட்டேன். தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து சில மணி நேரத்துக்குத்தான் வரும் என்று படித்திருந்தும், பாலாற்றுக்குப் பிறகு கடலைமிட்டாயைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கடப்பாக்கத்தில் தொடை வெறும் மரக்கட்டையாகிவிட்டது.

முன்னால் போன கூட்டத்திலிருந்து ஒரு பெண் மட்டும் வேகத்தைக் குறைத்து எனக்காகக் காத்திருந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். அன்று காலையில்தான் பழக்கம்.

"அக்கா, என் வீலைப் பிடிச்சுக்கோங்க."

அவள் பின்சக்கரத்தை ஒட்டி என் முன்சக்கரத்தை வைத்துக்கொண்டு வரச் சொல்கிறாள். முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு போவார், பின்னால் வருகிறவர் அந்த மறைப்பில் வருவார்.

"பரவாயில்லம்மா, நீ போ. நான் மெதுவா வந்துர்றேன்."

அந்தப் 'பரவாயில்லை' என் வாயிலிருந்து யோசனையே இல்லாமல் வந்தது. அதுதான் அன்று முழுவதும், பிறகு பல நாளும் என்னை உறுத்தியது.

நான் அந்தச் சொல்லால் கட்டப்பட்டவள். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால் அன்று மாலைக்குள் அந்தக் கிண்ணத்தில் வேறொன்றை வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பாத்திரத்தை வெறுமனே தரக்கூடாது என்பது நம் வீடுகளில் அழகான வழக்கம். ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். அந்த அழகை நான் கடன் தீர்ப்பதாக மாற்றிவிட்டேன். ராத்திரி படுக்கும்போது யாருக்கும் எதுவும் பாக்கி இருக்கக்கூடாது.

அம்மா கடைசியாக மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தபோது, சித்தி மகள் இரண்டு ராத்திரி தான் தங்குவதாகச் சொன்னாள். பரவாயில்லை என்றேன். அலுவலகத்தில் ஒருவர் மதியச் சாப்பாடு கொண்டுவருவதாகச் சொன்னார். பரவாயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தொரு ராத்திரியையும் நானே பார்த்தேன். ஒருநாள் அம்மா, "யாரையாவது வரச் சொல்லேன்டி" என்றாள். எனக்கு அலுப்பாக இருக்குமே என்று சொல்கிறாள் என நினைத்து, "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லம்மா" என்றேன். அவள் கேட்டது எனக்காக இல்லை. அவளுக்கு மனுஷ முகங்கள் வேண்டியிருந்தது. யாரிடமும் கடன்படாமல் இருக்கும் என் வைராக்கியத்தில், அவளைப் பார்க்க வந்திருக்கக்கூடியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். இது எனக்குப் புரிந்தது அவள் போய் இரண்டு வருஷம் கழித்து.

அம்மா அப்படிப்பட்டவளே இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் அங்கன்வாடி வேலை பார்த்தவள். 1991இல் அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். எழுத்து கற்றுக்கொடுக்கப் போகும் பெண்கள் தாங்களாகவே உள்ளடங்கிய ஊர்களுக்குப் போய்வர வேண்டும் என்பது யோசனை. வாங்குவதற்கு வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். எனக்கு அப்போது 12 வயது. அம்மா மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த கறுப்பு சைக்கிளில், டீக்கடை முன்னால், போகிறவர் வருகிறவர் எல்லாரையும் கூப்பிடுவாள். "தம்பி, செத்த பிடிச்சுக்கப்பா." "அண்ணே, சீட்டை ஒரு கை பிடிங்க." முழுசாகக் கற்றுக்கொடுத்தது எதிர்வீட்டில் பத்தாவது படித்த ஒரு பெண். அவளுக்கு அம்மா எதையும் திருப்பிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் கல்யாணமாகிப் போகும்வரை அவள் எங்கள் வீட்டில் ஒருத்தியாக இருந்தாள். அன்றே ஒரு ரவிக்கைத் துணி வாங்கிக் கொடுத்து முடித்திருந்தால் அவள் அத்தனை வருஷம் வந்திருப்பாளா என்று இப்போது யோசிக்கிறேன்.

திருக்குறளில் 106ஆம் அதிகாரம் இரவு, 107ஆம் அதிகாரம் இரவச்சம். கேட்பதைப் பற்றி ஒன்று, கேட்க அஞ்சுவதைப் பற்றி ஒன்று. பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. முதலாவதில் வள்ளுவர் கேட்பதை இழிவாகப் பேசவில்லை. தகுந்தவரிடம் கேட்பதில் இன்பம்கூட இருக்கிறது என்கிறார். எங்கள் வீட்டில் அம்மா முன்னதில் வாழ்ந்தாள். நான் பின்னதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு நகரத்துக்கு வந்துவிட்டேன்.

சாலையில், நான் போகச் சொல்லியும் அந்தப் பெண் போகவில்லை. "மெதுவா வர்றதுக்கு மரக்காணம் வரைக்கும் நிழலே இல்லக்கா" என்றாள். பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயைப் பிரித்து நீட்டினாள். நான் தின்று முடிக்கும்வரை நின்றாள். பிறகு முன்னால் போய் மிதிக்கத் தொடங்கினாள். நான் பின்னால் சேர்ந்துகொண்டேன், வேறு வழியில்லாமல்.

பின்னால் வருவது சும்மா வருவதில்லை என்பது முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல் போனால் காற்று உள்ளே புகுந்துவிடும். குறைந்து சக்கரத்தோடு சக்கரம் உரசினால் விழுவது பின்னால் வருகிறவர். சட்டென்று பிரேக் பிடிக்கக்கூடாது. அவளுடைய சக்கரத்தையே வெறித்துக்கொண்டிருக்கவும் கூடாது, அவள் இடுப்பையும் தோளையும் பார்க்க வேண்டும், அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்பது அங்கேதான் தெரியும். முன்னால் சாலை தெரியாது. நான்குவழிச் சாலை வேலை நடந்த இடங்களில் ஜல்லி சிதறிக் கிடந்தது. அவள் கையைத் தாழ்த்தி விரல் காட்டினால் குழி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டினால் மணல், முதுகுக்குப் பின்னால் கையை வீசினால் ஓரத்தில் வண்டி நிற்கிறது. அந்தக் கையை நம்ப வேண்டும். நான் என் கண்ணால் பார்க்காத எதையும் நம்பிப் பழகியவள் இல்லை. முதல் குழிக்கு, அவள் காட்டியும், எட்டிப் பார்த்துத் தடுமாறினேன். நாலாவது குழிக்கு எட்டிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. காற்று இடப்பக்கம் முன்னாலிருந்து வந்தால் மறைப்பு நேர் பின்னால் கிடைக்காது, சற்று வலப்பக்கம் தள்ளிக் கிடைக்கும். வலப்பக்கம் என்றால் பேருந்தும் லாரியும் போகும் பக்கம். அதனால் நேர் பின்னாலேயே, கிடைத்த பாதி மறைப்போடு வந்தேன். அந்தப் பாதியே போதுமாக இருந்தது. கருவி 20 காட்டியது. மூச்சு திரும்பி வந்தது.

மூச்சு திரும்பியதும் என் பழைய புத்தியும் திரும்பிவிட்டது. இந்தச் சின்னப் பெண் இருபது நிமிஷமாக எனக்காகக் காற்றை வாங்கிக்கொண்டிருக்கிறாளே, நம் முறை வேண்டாமா? சொல்லாமல் கொள்ளாமல் வலப்பக்கம் வெளியே வந்து, எழுந்து நின்று மிதித்து, அவளுக்கு முன்னால் போய்விட்டேன். முகத்தில் காற்று அறைந்தது. இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தேன். மூன்றாவது நிமிஷத்தில் வேகம் 14க்கு விழுந்தது. பின்னால் அவள் மிதிப்பதை நிறுத்தி, பிரேக்கைத் தொட்டு, என் மேல் மோதாமல் தப்பிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். என் கடனை அடைக்கப் போய் அவளுடைய இருபது நிமிஷ உழைப்பையும் பாழாக்கினேன்.

பக்கத்தில் வந்தாள். கோபமில்லை.

"இப்ப உங்க முறை இல்லக்கா. பின்னாடியே ஒழுங்கா வாங்க, அது போதும்."

மரக்காணம் உப்பளங்கள் வரை அந்த வார்த்தையோடு வந்தேன். சாலையின் இருபுறமும் பாத்திகளில் வெயில் கொதித்தது, கரையில் உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. வேறொரு நாளாக இருந்தால் இறங்கி நின்று பார்த்திருப்பேன். அன்று ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு, அவள் தோளிலிருந்து பார்வையை எடுக்காமல் மிதித்தேன். எனக்கு உதவி செய்தவர்களுக்கு நான் உடனுக்குடன் திருப்பிச் செய்ததில் எத்தனை முறை இப்படி அவர்கள் குறுக்கே விழுந்திருக்கிறேன்? நன்றி என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, இன்னொருவர் எனக்குக் கொடுக்கும் இடத்தில் இருப்பதைப் பொறுக்காத மனம். அதிலும் வயதில் சின்னவர், என்னைவிட எளிதாக வாழ்கிறவர் கொடுத்தால் அந்தப் பொறுக்காமை கூடும். அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும்போது என் இடம் எங்கே என்று எனக்கே தெரிந்துவிடுகிறது. வாங்கிக்கொள்வதற்குப் பணிவு வேண்டும் என்று சொல்வார்கள். பணிவு மட்டும் போதாது, கவனமும் வேண்டும். கொடுப்பவர் எவ்வளவு வேகத்தில் போகிறாரோ அந்த வேகத்தில், அவரைத் தொந்தரவு செய்யாத தூரத்தில், அவரை விட்டு விலகாமல் வர வேண்டும். அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பெர்ட் பிளாக்கன் என்ற பெல்ஜிய விஞ்ஞானி காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பின்னால் வருகிறவருக்குக் காற்றுத்தடை, உட்காரும் நிலையைப் பொறுத்து, ஏறக்குறைய 14 முதல் 27 சதவீதம் குறைவதாகக் கண்டிருக்கிறார். அதோடு இன்னொன்றும். முன்னால் போகிறவருக்கும் 0.8 முதல் 2.6 சதவீதம் குறைகிறது. முதுகுக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிழுப்பைப் பின்னால் வருகிறவரின் உடம்பு கொஞ்சம் தணித்துவிடுகிறதாம். சக்கரங்கள் ஒட்டிக்கொண்டாற்போல் இருக்கும்போது எடுத்த அளவு அது. எங்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. உடனே, பார், நானும் கொடுத்திருக்கிறேன் என்று வரவில் எழுதப் பார்த்தது மனம். எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

காலாப்பட்டு தாண்டியதும் காற்று கட்டிடங்களுக்கிடையில் தணிந்தது. கடைசிப் பத்து கிலோமீட்டரை இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக, அதிகம் பேசாமல் ஓட்டினோம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே இறங்கியபோது மணி ஒன்றரை. முழங்கால் நடுங்கியது. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கல்தரையில் உட்கார்ந்தேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். மணிக்கணக்காக ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்து உள்ளங்கை நரம்பு நசுங்கியதில் அவளுடைய இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்தன. கையை உதறிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, இந்த மூடியைத் தொறந்து தாங்களேன்."

திறந்து கொடுத்தேன். வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, மூடுவதற்குத் திரும்ப என்னிடமே நீட்டினாள்.